புதுப்பிப்பு: வேன் பயணத்தில் நேரலை கிரிக்கெட், கடைசியில் டிஷ்தான் கைகொடுத்தது

திருவையாறிலிருந்து பூம்புகார் வரை வேனிலேயே தங்கிப் போகிறோம், மொபைலில் மேட்ச் சுற்றிக்கொண்டே நிற்கிறது, என்ன வழி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டிடி ஃப்ரீ டிஷ், அதாவது தூர்தர்ஷனின் இலவச டிஷ் டிவி சேவை, அந்த யோசனைதான் பலித்தது. மாதச் சந்தா கிடையாது. 12 வோல்ட் பாக்ஸ், வேன் பேட்டரியிலேயே ஓடுகிறது. இதற்கு சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே. தஞ்சைப் பக்கமிருந்து பார்த்தால் தென்கிழக்கே, சுமார் 69 டிகிரி உயரம். ஆனால் எங்களுடையது ஆஃப்செட் டிஷ், சிக்னல் வாங்கும் முனை நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும்; அதனால் அவ்வளவு அண்ணாந்து வைக்கக் கூடாது, 45 டிகிரியை ஒட்டிச் சாய்த்ததும் சிக்னல் கோடு சட்டென்று ஏறியது. தென்னந்தோப்பில் நிறுத்தாதீர்கள், மட்டை மறைக்கும்.

எதிர்பாராதது மழை. கொட்டினால் படம் அப்படியே உறைந்துவிடுகிறது. ஐப்பசியில் வருகிறவர்கள் ரேடியோவும் எடுத்து வாருங்கள். அப்புறம், டிடி ஸ்போர்ட்ஸில் எல்லா மேட்சும் வராது.