செல்ஃப் எடுக்கல, 'டக்'னு சத்தம் மட்டும் வருது. புது பேட்டரி போட்டும் அதேதான்

தங்கச்சிமடம் மீன்வண்டி:
அண்ணன்மாரே, ஆறு வருஷம் ஓடுன 150 சிசி வண்டி. விடிகாலையில பாம்பன் கரையில மீன் எடுத்து, பின்னாடி பெட்டி கட்டி ராமநாதபுரம் போறேன். ஒரு மாசமா செல்ஃப் பட்டனை அமுக்கினா சீட்டுக்கு அடியில 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். கிக்கர்ல ரெண்டாவது உதைக்கு எடுத்துருது. ஹாரன், லைட் எல்லாம் பளிச்சுனு இருக்கு. பேட்டரின்னாங்க, புதுசு போட்டேன், மாறல. இப்ப மோட்டாரையே மாத்தணும்ங்குறாங்க. வலது முட்டி அடிபட்ட முட்டி, ஐஸ் பெட்டியோட நிக்கிற வண்டிய உதைக்க முடியல. மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி வேற ஏதாவது பாக்கணுமா?

கீழக்கரை ரைடர்:
கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் பாருங்க. இல்லன்னா ரிலேயோட (பட்டனை அமுக்கினா மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்) ரெண்டு போல்ட்டையும் ஸ்க்ரூடிரைவரால சேர்த்துப் பாருங்க.

உச்சிப்புளி மெக்கானிக்:
அந்த சுவிட்ச்ல கோளாறுன்னா 'டக்' சத்தமே வந்திருக்காது தம்பி. ரிலே வரைக்கும் கரண்ட் வருது. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்துல பொறி பறக்கும்.

ஹாரன் அடிக்குதுன்னு நம்பாதீங்க. அது இழுக்கிறது ரெண்டு மூணு ஆம்பியர், செல்ஃப் மோட்டார் 50 ஆம்பியர் பக்கம் இழுக்கும். வழியில 0.05 ஓம் தடை இருந்தாலே 2.5 வோல்ட் அங்கேயே தின்னுரும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில வைங்க. நியூட்ரல்ல பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மூணு இடம் பாருங்க: பேட்டரி ரெண்டு முனை, ரிலேயில மோட்டார் பக்கத்து போல்ட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும், எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு செகண்டுக்கு மேல அமுக்காதீங்க.

தங்கச்சிமடம் மீன்வண்டி:
பாத்துட்டேன் அண்ணே. சும்மா இருக்கும்போது 12.7. அமுக்கினா பேட்டரியில 12.3, ரிலேயில 12.1, எஞ்சின்ல 9.4.

உச்சிப்புளி மெக்கானிக்:
மோட்டார் வாங்காதீங்க! எஞ்சின்ல 0.2, 0.3-க்கு மேல காட்டவே கூடாது. 9.4 எர்த் வழியில, அதாவது கரண்ட் எஞ்சின் உடம்பு வழியா பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புற பாதையில போகுது, மோட்டாருக்கு மிஞ்சுறது மூணு வோல்ட் கூட இல்ல. பேட்டரி 12.3-ல அசையாம நிக்குதே, மோட்டாருக்கு வேண்டிய அளவு கரண்ட் ஓடலன்னு அர்த்தம். பேட்டரி வீக்கா இருந்தா எட்டு ஒம்பதுக்கு இறங்கியிருக்கும். லைட்டுக்கு எர்த் தனி ஒயர்ல திரும்புது, அதான் அது எரியுது. நெகட்டிவ் தடி ஒயர் எஞ்சின்ல முடுக்கியிருக்கிற போல்ட்டைக் கழட்டுங்க. முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டிருங்க.

தங்கச்சிமடம் மீன்வண்டி:
கழட்டுனேன் அண்ணே. பெட்டித் தண்ணி வடியுற பக்கம்தான் அந்த போல்ட். மேல பாத்தா லேசா துருதான். வாஷர எடுத்தா அடியில பச்சையா களிம்பு, நகத்தால சுரண்டுனா பொடியா உதிருது. ரப்பர் உறைய நாலு விரக்கடை உரிச்சேன், உள்ள செம்பு கறுத்து, பாதி இழை அத்துக் கிடக்கு. அதே தடிமன்ல புது ஒயர், புது லக் (ஒயர் முனை வளையம்) போட்டு, எஞ்சின்ல அந்த இடத்த உப்புத்தாள் வச்சு வெள்ளை உலோகம் தெரியுற வரைக்கும் தேச்சு முடுக்குனேன். இப்ப எஞ்சின்ல 0.1. பட்டன் தொட்டதும் எடுத்துருச்சு. பேட்டரி அந்த நேரம் 10.8-க்கு இறங்குது, அது சரிதானே?

உச்சிப்புளி மெக்கானிக்:
சரிதான். மோட்டார் வேலை செய்யுதுன்னா இறங்கத்தான் செய்யும். முடுக்குனதுக்கு அப்புறம் மேல வாசலின் தடவுங்க. முன்னாடி தடவக் கூடாது. நம்ம கரை உப்பு லேசுப்பட்டது இல்ல. இரும்பு எப்படி அரிக்குதுன்னு சோதிச்சுப் பாக்க காரைக்குடி சிக்ரிக்காரங்க (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) நம்ம மண்டபம் ஊர்ல வந்து நிலையம் போட்ட ஊரு இது. அந்தப் பெட்டித் தண்ணிய முதல்ல மாத்தி விடுங்க.

தங்கச்சிமடம் மீன்வண்டி:
பெட்டி ஓட்டையில டியூப் சொருகி, நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி இறக்கி விட்டுட்டேன். இன்னைக்குக் காலையில முட்டிக்கு வேலையே இல்ல அண்ணே.