பொருள்: ஹைப்பாக்சியாவுக்குத் தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்கிழமை அச்சு

காரைக்குடி, ஆசிரியர்:
வணக்கம். கிணறு தூர் வாருபவர்களுக்காக என் மாணவர்கள் எழுதும் கையேடு 'ஹைப்பாக்சியா' என்ற சொல்லில் வந்து நிற்கிறது. உடலுக்கு உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், போதாமல் போவதுதான் அது. 'மூச்சுத்திணறல்' போதும் என்கிறார் அச்சகக்காரர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூச்சு முட்டுவது பெரும்பாலும் கரியமிலவாயு ஏறுவதால். உயிர்வளி மட்டும் குறைந்தால் முட்டாமலே போகலாம். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதனால் முதலில் தடுமாறுவதும் அதுதான். நிதானம் தப்பும், போட்டுப் பழகிய முடிச்சிலேயே கை பின்னும். மேலிருந்து கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள்.

தேவகோட்டை, புலவர்:
தம்பி, 'குறைவளி' என்று போடுங்கள். வினைத்தொகை. குறைந்த, குறைகின்ற, குறையும் வளி என முக்காலமும் அடங்கும். 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்ற 941ஆம் குறளிலும் வளிதானே முதலில் நிற்கிறது? வள் என்ற வேர் சுழற்சியைக் குறிப்பது. வளை, வளையம், வளி, சூறாவளி எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் கருத்து. வளைவி, வளாகம் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

கண்டனூர், மருத்துவர்:
ஐயா, அந்தக் குறளில் வளி என்பது வாத, பித்த, கபத்தில் வரும் வாதம். 'குறைவளி' என்றால் காற்றே குறைந்ததாகப் படும். கிணற்றடியில் காற்று இருக்கும், அதில் உயிர்வளியின் பங்குதான் 20.9 விழுக்காட்டிலிருந்து இறங்கியிருக்கும். 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. 1875இல் செனித் என்ற பலூனில் மூவர் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். அங்கே பங்கு மாறாது, அழுத்தம் குறையும், மூளைக்கு விளைவு ஒன்றுதான். உயிர்வளிப் பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எடுக்கக் கை எழவில்லை. அவர்களில் பிழைத்த திசாந்தியே என்பவர், வலியே தெரியவில்லை, உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதினார். மற்ற இருவரும் இறந்துபோனார்கள். என் வாக்கு 'உயிர்வளிக்குறை'க்கு. இரத்தத்தில் மட்டும் குறைவதற்கு 'குருதி உயிர்வளிக்குறை', அறவே இல்லாததற்கு 'உயிர்வளியின்மை' என்று வரிசையாக அமையும்.

கானாடுகாத்தான், ஆச்சி:
எங்க பக்கம் கிணத்துல இறங்குறவுக 'உள்ள காத்து இல்ல'ன்னுதான் சொல்லுவாக. அவுகளுக்கான கையேட்டுல அந்தச் சொல் வேணாமா? 'காத்தில்லாமை'ன்னு போடுங்க. இன்னொன்னு, உள்ள காத்து இருக்கான்னு விளக்க இறக்கிப் பாக்குற பழக்கத்தையும் கண்டிச்சு எழுதுங்க.

மருத்துவர்:
ஆச்சி சொல்வது சரி. 16, 17 விழுக்காடு வரை விளக்கு எரியக்கூடும். எரிகிறதே என்று நம்பி இறங்க முடியாது. எரிவாயு இருந்தால் விளக்கே தீப்பிடிக்க வைத்துவிடும். சொல்லைப் பொறுத்தவரை 'காத்தில்லாமை' அட்டையில் வரட்டும், உள்ளே 'உயிர்வளிக்குறை' இருக்கட்டும்.

ஆசிரியர்:
நேரமில்லை, அப்படியே போடுகிறேன். 'ஒருவர் மயங்கினால் அடுத்தவர் வெறுமனே இறங்காதீர்கள்' என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லிவிட்டேன்.

புலவர்:
போடுங்கள். ஆனால் என் பெயரைக் 'குறைவளி'க்கு எழுதிக்கொள்ளுங்கள். 'உயிர்வளிக்குறை'யில் அந்தக் 'க்'கை அச்சகத்தில் விழுங்கிவிடுவார்கள். மெய்ப்பு வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.