புதுப்பிப்பு: பழைய மாதிரி ரயில் எஞ்சினின் மந்தமான ஓட்டம்

முழு 12 வோல்ட் கொடுத்தும் என் பழைய மாதிரி ரயில் (சிறு உருவ ரயில்) எஞ்சின் ஊர்ந்தே செல்கிறது, மோட்டாரும் சூடாகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காந்தம் வலுவிழந்திருக்கும் என்றே அப்போது ஐயுற்றேன். அது தவறு.

பற்சக்கரங்களிலிருந்து மோட்டாரைப் பிரித்துத் தனியே ஓட்டியபோதும் வேகம் கூடாததால், கோளாறு அதற்குள்ளேயே இருப்பது உறுதியாயிற்று. கம்யூட்டேட்டரின் (சுழலும் சுருள்களுக்கு மின்சாரத்தைத் திசை மாற்றித் தரும் உருளை) செப்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில், அதன்மீது உரசி மின்சாரம் தரும் கார்பன் பிரஷ்களிலிருந்து உதிர்ந்த தூளும் பழைய எண்ணெயும் கலந்து கெட்டியாகப் படிந்து, மின்சாரம் சுருள்களுக்குள் முழுமையாகச் செல்லாமல் துண்டுக்குத் துண்டு கசிந்துகொண்டிருந்தது. கூரான மரக்குச்சியால் அதைச் சுரண்டி எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். தயவுசெய்து உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். கீறல்களில் தூள் விரைவில் மீண்டும் தங்கிவிடும். ஆர்மெச்சரையும் (சுருள்கள் சுற்றிய, சுழலும் இரும்புப் பகுதி) நான் வெளியே எடுக்கவில்லை, ஏனெனில் இவ்வகைப் பழைய அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகக் கலவை) காந்தங்கள் நடுவில் இரும்பு இல்லாமல் போனால் வலுவிழக்கக்கூடியவை.

தேய்ந்து குட்டையாகிவிட்ட பிரஷ்களை மாற்றி, பேரிங்குகளில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும் இட்டு, இரு திசைகளிலும் அரை மணி நேரம் மிதமான வேகத்தில் ஓட்டினேன். இப்போது மோட்டார் 4 வோல்ட்டிலேயே நடுக்கமின்றிச் சுழலத் தொடங்குகிறது. மீண்டும் இணைப்பதற்கு முன், பற்சக்கரங்களில் இறுகிப்போன கிரீஸை அகற்றவேண்டியுள்ளது.