43 வயதில் மீண்டும் ஃபிகர் ஸ்கேட்டிங்: குன்னூரில் இருந்துகொண்டு தொடர முடியுமா?

கேள்வி (குன்னூர்):

வணக்கம். கணவரின் வேலை காரணமாக டொராண்டோவில் வசித்தபோது, பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்து மூன்று குளிர்காலங்கள் ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றேன். ஒற்றைக் காலில் முன்னோக்கிச் சென்று, அதே காலில் திரும்பிப் பின்னோக்கிச் செல்லும் த்ரீ டர்ன் ஓரளவு கைவந்திருந்த நேரத்தில், மாமியாரின் உடல்நிலையை முன்னிட்டு ஊர் திரும்பினோம். ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என் ஸ்கேட்டுகள் கிடைத்தன. தோல் முழுவதும் பூஞ்சை படர்ந்திருந்தது. வலது பிளேடின் குதிகால் பக்கம் துருப்பிடித்திருந்தது. துணியால் துடைக்கத் துடைக்க, பனியைக் கீறிச் செல்லும் அந்த மெல்லிய ஓசை காதில் கேட்பது போலவே இருந்தது. அன்று முதல் வேறு நினைப்பில்லை.

நம் மலையில் பனித்தளம் இல்லை. ஜனவரியில் தலைகுந்தாவின் புல்வெளி வெளுக்கும் அளவுக்கு உறைபனி விழுந்தாலும் வெயில் ஏறியதும் கரைந்துவிடும். சக்கர ஸ்கேட்டில் பழகினால் பனியில் கற்றது நிலைக்குமா, அல்லது கெட்டுவிடுமா? பிளேடைச் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா? விழுந்தால் இந்த வயதில் என்ன ஆகும் என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு.

பதில் 1 (கோத்தகிரி, சக்கர ஸ்கேட்டிங் பயிற்றுநர்):

அம்மா, சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஃபிகர் பிளேடு கத்தியைப் போல ஒரே கூர் உடையது அன்று. சுமார் 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள அதன் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தின் இரு கரைகள்தாம் உள் விளிம்பும் வெளி விளிம்பும். கத்தி தீட்டும் கல்லில் வைத்தால் பள்ளம் அழிந்துவிடும், முன்னிருந்து பின்வரை உள்ள மெல்லிய வளைவும் போய்விடும். அதன்பின் நீங்கள் எவ்வளவு சாய்ந்தாலும் பனியில் பிடிப்பு இருக்காது.

சக்கரத்தில் பழகுவதால் கற்றது கெடாது என்பதே என் அனுபவம். 1863இல் நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்டன் உருவாக்கிய நான்கு சக்கர ஸ்கேட்டின் சிறப்பே, உடலைச் சாய்த்தால் சக்கரங்கள் அந்தப் பக்கமாக வளைந்து செல்வதுதான். அதாவது விளிம்பில் சாய்கிற பழக்கத்தை அது உடலுக்குத் தருகிறது. ஆனால் பனியில் நிற்பதற்குப் பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பனியைச் சீவுவீர்களே, அது சக்கரத்தில் நடக்காது. நிறுத்தத்தைப் புதிதாகக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஒரே வரிசையில் சக்கரங்கள் அமைந்து, முனையில் டோ பிக்குக்கு (பனி பிளேடின் முன்முனையில் உள்ள பற்கள்) பதில் ரப்பர் தடை உள்ள ஃபிகர் இன்லைன் கிடைத்தால் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

தாவல்களை இப்போதைக்கு மறந்துவிட்டு வட்டங்களிலிருந்து தொடங்குங்கள். 1990 வரை உலகப் போட்டிகளில் கட்டாய உருவங்கள் என்ற பிரிவு இருந்தது. ஒரே விளிம்பில் வட்டமிட்டு, அதே தடத்தின் மேல் மறுபடியும் சென்று காட்ட வேண்டும். இந்த விளையாட்டின் பெயரே அந்த உருவங்களிலிருந்து வந்ததுதான். வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ உங்கள் உயரத்தைப் போல் மூன்று மடங்கு. மூட்டுக்கு அதிர்ச்சி தராமல் இவ்வளவு நுட்பம் கற்றுத்தரும் பயிற்சி வேறு எனக்குத் தெரியவில்லை. தளத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். மூடுபனி வந்துபோன சிமெண்டுத் தரை பார்வைக்குக் காய்ந்தது போல் இருந்தாலும் சக்கரத்தை வழுக்கிவிடும்.

பதில் 2 (கொடைக்கானல், இயன்முறை மருத்துவர்):

வீட்டினரின் கவலையில் நியாயம் இருக்கிறது. விழும்போது கையை ஊன்றுவது மனித இயல்பு என்பதால், பெரியவர்களிடம் நான் அதிகம் காண்பது மணிக்கட்டு முறிவையே. ஆகவே மணிக்கட்டுக் காப்பும் தலைக்கவசமும் இல்லாமல் தொடங்க வேண்டாம். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் தொடையும் புட்டமும் தரையில் படும்படி விழுவதை, ஸ்கேட் அணியாமல் மெத்தையின் மேல் பலமுறை பழகுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். முழங்கால் உட்புறமாகச் சரிந்தால் இடுப்புத் தசைகளை முதலில் வலுப்படுத்த வேண்டும். எலும்பின் அடர்த்தியைக் குறித்து உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவதும் நல்லது.

பதில் 3 (கோயம்புத்தூர்):

பனியையும் கைவிட வேண்டாம், அம்மா. சிம்லாவில் 1920 முதல் இயங்கும் திறந்தவெளித் தளம், இயற்கைக் குளிரிலேயே உறைவதால், குளிர்காலத்தில் மட்டும் திறந்திருக்கும். டேராடூனில் 2011ஆம் ஆண்டின் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட உள்ளரங்கு, நெடுங்காலம் மூடிக் கிடந்து, 2025இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒருமுறை நான்கைந்து நாள் போய்வந்தாலே பெரிய வேறுபாடு தெரியும். ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் 2005 முதல் பெரியவர்களுக்கென்றே பன்னாட்டுப் போட்டி நடக்கிறது. 28 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் இடமில்லை என்பதை வீட்டில் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர் (குன்னூர்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கோத்தகிரி ஐயா சொன்னபடி, என் உயரம் 160 சென்டிமீட்டர் என்பதால், 2.4 மீட்டர் கயிற்றின் ஒரு முனையில் சாக்கட்டியைக் கட்டி, பக்கத்துப் பள்ளியின் அனுமதியோடு அவர்களுடைய மூடிய முற்றத்தில் வட்டம் வரைந்தேன். உறவினர் பெண்ணின் நான்கு சக்கர ஸ்கேட்டை இரவல் வாங்கினேன். வலக்காலின் வெளி விளிம்பில் கால்வட்டம் வரை கோட்டின் மேலேயே சென்றேன். அதன்பின் இடது தோள் முந்திக்கொள்ள, தடம் வட்டத்துக்குள் சுருண்டுவிட்டது. டொராண்டோவிலும் ஆசிரியை இதே தோளைத்தான் தொட்டுத் தொட்டுத் திருத்துவார். இடது தோளைப் பின்னே வைத்திருக்க ஏதேனும் பயிற்சி உண்டா, ஐயா?