புதுப்பிப்பு: தொங்கிய சார்ட் ஓடிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: மன்னார்குடியில் அப்பாவின் குறுவை நெல் மூட்டைக் கணக்கை, என் நிரலில் ஃபோர்க் (fork: ஓடும் நிரலின் நகலை உருவாக்குவது) போட்டு, பைப் (pipe: ஒரு முனையில் எழுதினால் மறுமுனையில் படிக்கலாம்) வழியே, வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளைக்கு அனுப்பினால் அது அப்படியே நின்றுவிடுகிறது என்று.

தப்பு என்னுடையதுதான். அனுப்பி முடித்ததும் பேரன்ட் (மூல நிரல்) பக்கம் பைப்பின் எழுதும் முனையை மூடினேன். ஆனால் ஃபோர்க் ஆகும்போதே அந்த முனையின் நகல் சைல்டுக்கும் (ஃபோர்க்கில் பிறந்த நிரல்) போய்விடுகிறது. டூப்2 (dup2: படிக்கும் முனையை உள்ளீடாக இணைப்பது) போட்டபின் அதை மூடாமலே எக்ஸெக் (exec: சைல்டைச் சார்ட்டாக மாற்றுவது) செய்திருக்கிறேன். எழுதும் முனை ஒன்று திறந்திருந்தாலும் ரீட் (read: பைப்பைப் படிக்கும் அழைப்பு) ‘முடிந்தது’ என்பதற்கான பூஜ்யம் தராது. தரவு முடிந்தது என்று தெரியாமல் சார்ட் எதையும் வெளியிடாது. கடைமடையில் தண்ணீருக்குக் காத்திருப்பவர், மதகுச் சாவியைத் தன் மடியிலேயே வைத்திருந்த கதை!

சைல்டில் எக்ஸெக்குக்கு முன்னால் அந்த முனைக்கு ஒரு க்ளோஸ் (close). ஓடியது.

அப்புறம் முழு சீசன் கோப்பைக் கொடுத்தேன், மறுபடி நின்றது. இந்தத் தடவை காரணம் வெயிட்பிட் (waitpid: சைல்ட் முடியும்வரை காத்திருக்கும் அழைப்பு). சார்ட் இன்னொரு பைப்பில் திருப்பி அனுப்பும் பதிலைப் படிக்காமலே சைல்ட் முடியட்டும் என்று காத்திருந்தேன். லினக்ஸில் பைப் வழக்கமாக 65,536 பைட் வரைதான் தாங்கும்; அது நிரம்பியதும் சார்ட் எழுத முடியாமல் நிற்க, நான் அதற்காக நிற்க. இப்போது முதலில் படிக்கிறேன், பிறகுதான் வெயிட்பிட்.