திரித்துவக் கோட்பாட்டை நீசேயாச் சங்கம்தான் உருவாக்கியதா?

கேள்வி: மாங்குளம் மறையாசிரியர்

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறேன். வீடு வீடாக வந்து பிரசங்கிக்கும் சிலர், தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவம் விவிலியத்தில் இல்லாத ஒன்று என்றும், 325இல் பேரரசர் கொன்ஸ்தந்தீன் நீசேயாவில் ஆயர்களைக் கூட்டித் திணித்தது என்றும் பிள்ளைகளிடம் சொல்லிப் போயிருக்கிறார்கள். "அது மறைபொருள், விசுவசியுங்கள்" என்று மட்டும் சொல்லி அவர்களை இருத்திவிட எனக்கு மனம் வரவில்லை. திருச்சபை வரலாறு படித்தவர்கள் விளக்குவீர்களா?

பதில்: முல்லைத்தீவு வாசகர்

ஆசிரியருக்கு வணக்கம். திரித்துவம் என்ற சொல் விவிலியத்தில் இல்லை என்பது உண்மை. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். இலத்தீனில் அதை 200ஆம் ஆண்டையொட்டி எழுதியவர் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். ஆனால் வழிபாடு அதற்கும் முந்தியது. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் திருமுழுக்குக் கொடுக்கும் கட்டளை மத்தேயு நற்செய்தியின் இறுதியிலேயே இருக்கிறது. 112 அளவில் பித்தினியாவை ஆண்ட உரோம ஆளுநர் பிளினி, தாம் விசாரித்த கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகப் போற்றிப் பாடினார்கள் என்று பேரரசர் திராயானுக்கு எழுதினார். எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர், அவர்களுக்குத் தண்டனை விதித்தவர் என்பதால் இந்தச் சாட்சியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். நீசேயா அவர் ஆண்ட அதே மாகாணத்து நகரம். கடவுள் ஒருவரே என்போர் மகனையும் எப்படி வணங்கலாம் என்ற கேள்வி அந்த வழிபாட்டிலிருந்தே எழுந்தது. கோட்பாடு அதற்குத் தேடிய விடை.

பதில்: வவுனியாவிலிருந்து

பேரரசர் சங்கத்தைக் கூட்டியதும், ஆயர்களை ஒருமிக்கச் சொல்லி நெருக்கியதும் நடந்தவையே. மகன் படைக்கப்பட்டவர் என்று அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் போதித்ததற்கு எதிராக, "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று சங்கம் அறிக்கையிட்டது. ஆனால் கொன்ஸ்தந்தீன் 337இல் மரணப் படுக்கையில் திருமுழுக்குப் பெற்றது, ஆரியுஸின் நண்பரான நிக்கொமேதியா ஆயர் யூசேபியுவிடம். கொன்ஸ்தந்தீனின் மகன் கொன்ஸ்தந்தியுஸ் நீசேயாவின் எதிராளிகளையே ஆதரித்தார். நீசேயாவுக்காக நின்ற அத்தனாசியார் ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார். அரச ஆணை ஒன்றே அதைத் தாங்கியிருந்தால், அரசு எதிர்த்து நின்ற அந்தப் பல ஆண்டுகளில் அது அழிந்திருக்கும்.

பதில்: மல்லாவி வாசகி

இருவரும் தூய ஆவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 325இன் அறிக்கை தூய ஆவியை நம்புகிறோம் என்பதோடு நின்றுவிடுகிறது. மகனோடும் தூய ஆவியோடும் தந்தைக்கு மாட்சி என்று செபித்ததற்காகச் செசாரியா ஆயர் பசிலியார் குறை கூறப்பட்டார். அதற்கு மறுமொழியாக, திருமுழுக்கில் சொல்லும் முறைப்படியே விசுவசிக்கிறோம், விசுவசிக்கும் முறைப்படியே புகழ்கிறோம் என்று 375 அளவில் ஒரு நூலே எழுதினார். அவர் இறந்தபின், 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தில்தான், தந்தையோடும் மகனோடும் ஒன்றாக ஆராதனை பெறுபவர் என்ற வரி வந்தது. ஆசிரியரே, 325, 381 ஆகிய இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுங்கள். வளர்ச்சி அவர்கள் கண்ணிலேயே படும். தூய ஆவி தந்தையிடமிருந்து புறப்படுகிறவர் என்ற வரியோடு நாம் பூசையில் சொல்லும் "மகனிடமிருந்தும்" என்பது மட்டும் மேற்குத் திருச்சபை பின்னர் சேர்த்தது. கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகள் இன்றும் அதைச் சொல்வதில்லை.