அலுவலகத்தில் மட்டும் வரும் தலைவலி

கேள்வி: சன்னலே திறக்க முடியாத கண்ணாடிக் கட்டடம் ஒன்றுக்கு எங்கள் அலுவலகம் மாறியதிலிருந்து, பிற்பகல் மூன்று மணியானால் எனக்குக் கண் எரிகிறது, தலை கனக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தத் தொல்லையும் இல்லை. மூக்குக்கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1: கட்டடத்தை விட்டு வெளியேறினால் குறைகிறது என்பதுதான் முக்கியமான தடயம். இதைச் 'சிக் பில்டிங் சிண்ட்ரோம்' (கட்டடத்துக்குள் இருப்பதால் வரும் நலக்குறைவு) என்பார்கள். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, எரிபொருளைச் சேமிப்பதற்காக, அமெரிக்கக் கட்டடங்களில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 15 கன அடியாக இருந்த வெளிக்காற்றின் அளவை 5 ஆகக் குறைத்தார்கள். இந்தப் புகார்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதில் 2: ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை (இது பலருக்குத் தெரியாது). கரியமில வாயு மானி ஒன்றை மேசையில் வையுங்கள். திறந்தவெளியில் ஏறக்குறைய 420 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) காட்டும். உள்ளே 1000ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம். எங்கள் கூட்ட அறையில் ஒரு மணி நேரத்தில் 1900 காட்டியது.

பதில் 3: மேசைகளும் தடுப்புகளும் புதியவையா? ஒட்டுப்பலகையின் பசையிலிருந்து வெளியேறும் பார்மால்டிஹைடு என்ற வாயுவும் கண்ணை எரிக்கும்.

கேள்வி கேட்டவர்: எல்லாமே புதியவை. ஏசிக்குக் கீழே சுவரில் கருமையான ஈரக்கறையும் இருக்கிறது. நாளை பராமரிப்பாளரிடம் காட்டுகிறேன்.